எல்லாம் சேர்ந்த சாதம்

என் வீட்டுக்காரர் உத்தமன் சாப்பிட உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை, நான் ஒன்றாகச் சேர்த்து வேகவைத்ததை மறுபடி பிரிப்பதுதான். பீன்ஸ் ஒரு பக்கம், உருளைக்கிழங்கு ஒரு பக்கம், பருப்பு ஒட்டிய சாதம் நடுவில். தட்டில் தனித்தனிக் குவியல் ஆன பிறகே முதல் வாய் உள்ளே போகும். திட்டமாட்டார். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டி ஆறிப்போகலாம். ஒரு ஆம்பிளை பீன்ஸ் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

இந்தக் குக்கர் சாதத்தைச் சொல்லிக்கொடுத்தவள் ஆரோக்கியமேரி. அடுகோடி கார்மென்ட்ஸில் எனக்குப் பக்கத்து மெஷின். குக்கரிலேயே தாளித்து, அரிசி, பருப்பு, இருக்கிற காய், தக்காளி, சாம்பார்பொடி, கொஞ்சம் புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டி மூடிவிட்டால், முகம் கழுவி உடை மாற்றுவதற்குள் சாப்பாடு தயார் என்றாள். உண்மைதான். தங்கவயலில் சுரங்கத்தை மூடிவிட, நாங்கள் பெங்களூருக்கு வந்த பிறகு, அவர் லேத் பட்டறைக்கும் நான் தையலுக்குமாக ஓடுகிறோம். வீடு திரும்பி சாதம் வடித்து, குழம்பு கூட்டி, ரசம் வைத்து, பொரியலும் செய்ய என் இடுப்பு ஒத்துழைப்பதில்லை. அவருக்கோ முதலில் குழம்பு, அப்புறம் ரசம், கடைசியில் மோர். அந்த வரிசையில் வராதது எதுவாக இருந்தாலும் அது டிபன்தான்.

என்னை லைன் சூப்பர்வைசராகப் போடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். குனிந்தே தைத்த கழுத்து கொஞ்சம் நிமிரும். நாலு பேருக்கு நான் வேலை சொல்லலாம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் கேட்டைத் தாண்ட முடியாது. வீட்டில் சொன்னபோது, சமையல் மாறாமல் பார்த்துக்கொண்டால் போ என்றார். போகாதே என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் காலையில் மேனேஜருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்று ராத்திரி அவர் தட்டுகூட எடுக்கவில்லை. குக்கரைத் திறந்து பார்த்தார். மூடினார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூலைக்கடை தர்ஷினி ஓட்டலிலிருந்து பார்சலோடு திரும்பினார். சாதம், சாம்பார், ரசம், பல்யா என்று இங்கே சொல்லும் பொரியல், எல்லாம் நூல் சுற்றிய தனித்தனிப் பொட்டலம். வரிசையாகச் சாப்பிடட்டும், கண்குளிரப் பார்க்கலாம் என்று நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

சாதத்தைத் தட்டில் கவிழ்த்தார். அதன்மேல் சாம்பாரை ஊற்றினார். பல்யாவைக் கொட்டினார். ரசப் பொட்டலத்தைப் பல்லால் கடித்து, பாதியை அதன் தலையிலேயே விட்டார். ஐந்து விரலும் போட்டுப் பிசைந்து உருட்டி வாயில் போட்டார்.

"இப்ப மட்டும் பிரிக்கலையா?" என்றேன்.

"பசிக்குது யசோ. பசில இதையெல்லாம் பாத்துக்கினா இருப்பாங்க?"

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நாளைக்கு நான் சரின்னு சொல்லப்போறேன்."

அவர் கை நின்றது. "அப்ப ராத்திரிக்கு?"

"இதான்" என்று குக்கரைக் காட்டினேன்.

மறுபடி பிசைய ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து, அவர் கை கழுவிய பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. நானாகவே காத்திருந்தேன். நினைக்க நினைக்க என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. குக்கரை மடிக்கு இழுத்தேன். கரண்டி தேடவில்லை. சூட்டோடு உள்ளே கையை விட்டு அள்ளிச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது. பீன்ஸ் நன்றாக வெந்திருந்தது.

ஓட்டல் பார்சலில் சாதம் எப்போதும் பத்தாது. அவருக்கும் பத்தவில்லை. ரசம் பாதி மிச்சம் இருந்தது. நிமிர்ந்து பார்க்காமலே, "அதுல கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினார். அப்புறம்தான் என் கையைப் பார்த்தார்.

"எச்சி பண்ணிட்டியா?"

என் வாய் நிறையச் சாதம். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். கையை வெளியே எடுக்கவில்லை. நீட்டிய தட்டை அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. அதன் விளிம்பிலிருந்து ரசம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.