தொடரலாமா என்று கேட்கும் வரி

காலை ஐந்து நாற்பதுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்கதவைத் திறப்பேன். ஐந்து ஐம்பதுக்கு சர்வரில் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிடுவேன். முந்தைய நாள் முடிவுகளை அது வேறொரு வட்டுக்கு நகர்த்தும். பாதியில் நின்று, ‘பழையவற்றை அழிக்கிறேன், தொடரலாமா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்று அடிப்பேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முடியாவிட்டால் வட்டு நிரம்பி, ஏழு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு ரிப்போர்ட் அச்சாகாது.

ஞாயிறும் உண்டு. பதினான்கு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. வாசல் காவலாளி எனக்குச் சேவல் என்று பெயர் வைத்தார். இப்போது மேனேஜர்வரை அதுதான் என் பெயர்.

அந்த சர்வரில் இன்னும் முப்பத்தொரு வேலைகள் உண்டு. எல்லாம் கிரான் பட்டியலில் இருக்கின்றன. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம் நிரப்பி, எதை ஓட்ட வேண்டும் என்று எழுதிவிட்டால் போதும். நேரம் வந்ததும் தானே ஓடும். இது ஒன்று மட்டும் பட்டியலில் இல்லை. கேள்வி கேட்கும் ஸ்கிரிப்டை அதில் போட முடியாது. பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும். மேனேஜரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பொய் இல்லை. அந்தக் கேள்வியை எழுதியது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வருடம் அதுவும் தானாகத்தான் ஓடியது. மனைவி இறந்து, லீவு முடிந்து வந்த முதல் நாள் அந்த வரியைச் சேர்த்தேன். பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டேன். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். விழித்தபின் வீட்டில் இருக்க முடியவில்லை. போக ஓர் இடம் வேண்டியிருந்தது.

பிறகு அதுவே என்னைப் பிடித்துக்கொண்டது. மகளுக்கு ஐந்து வயது. மனைவியின் அக்கா வீட்டில் வளர்கிறாள். ரயிலில் எட்டு மணி நேரம். போய்வந்தால் ஒரு காலையாவது தவறும், அதனால் போகவில்லை. இரண்டு முறை அவர்கள்தான் வந்தார்கள். மகள் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள்.

நீ ஏன் வரவில்லை என்று ஃபோனில் ஒருமுறை கேட்டாள். மெஷினுக்கு உடம்பு சரியில்லை, தினமும் காலையில் அப்பாதான் மருந்து கொடுக்கணும் என்று சொன்னேன். நம்பிவிட்டாள். அவள் அம்மாவுக்கும் மருந்து நான்தான் கொடுத்தேன்.

போன வாரம் அக்கா கூப்பிட்டார். பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாம். திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“நீங்க வரலைன்னா இவர் போட்டுடுவாரு தம்பி. மிரட்டுறதா நினைக்காதீங்க. ஆனா காகிதத்துல இவர் பேரு ஏறிட்டா, அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் இவர்தான். நாளைக்கு நீங்க வந்து நின்னா, யாருன்னு கேப்பா.”

சகலை நல்லவர். பிள்ளை இல்லாதவர். எனக்குப் பயமே அதில்தான்.

மகள் ஃபோனை வாங்கினாள்.

“மெஷினுக்கு இன்னும் சரியாகலையாப்பா?”

“இல்லம்மா.”

“அது எப்ப சாகும்? செத்துட்டா நீ வந்துடலாம்ல?”

அக்கா அதட்டுவது கேட்டது. லைன் போன பிறகும் ஃபோன் என் காதிலேயே இருந்தது.

மேனேஜரிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். சேவல் இல்லாமல் எப்படி விடியும் என்று சிரித்தார். பிறகு, இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்த பெண்ணுக்குச் சொல்லிக் கொடு, அவள் வருவாள் என்றால் போய் வா என்றார். அவளை எல்லோரும் புதுசு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான் வரும். ஐந்து ஐம்பதுக்கு வர வழியில்லை. ஆக, லீவு இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை மதியம் புதுசு நாற்காலியை என் மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, இந்த ஸ்கிரிப்ட்டுல நடுவுல ஒரு கேள்வி வருதே, அது எதுக்கு?”

“அழிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் பாக்கணும்.”

“நீங்க பாக்கறீங்களா?”

நான் பார்த்ததே இல்லை. கேள்வி வருவதற்கு முன்பே விரல் விசையின் மேல் இருக்கும்.

ஒத்திகைக்கு வைத்திருக்கும் வேறொரு கம்ப்யூட்டரில் அந்த வரியை எடுத்துவிட்டு, பட்டியலில் போட்டுப் பார்த்தாளாம். நான்கு நாளாகத் தானே ஓடுகிறதாம்.

“வரி சேர்த்த தேதியையும் பார்த்தேன்” என்றாள்.

தேதியைப் பற்றி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மேனேஜரிடம் சொல்லப்போவதில்லை என்று மட்டும் சொன்னாள். கீபோர்டை என் பக்கம் தள்ளினாள்.

வரியை அழித்தேன். பட்டியலைத் திறந்து, ஐம்பது, ஐந்து என்று அடித்து, மற்ற மூன்று கட்டத்திலும் நட்சத்திரம் போட்டேன். நட்சத்திரம் என்றால் எல்லா நாளும் என்று பொருள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“ஃபைலை உங்க பேருக்கு மாத்திக்கோங்க. சர்வர் அட்மின் பாஸ்வேர்டையும் மாத்திடுங்க. என்கிட்ட சொல்லாதீங்க.”

“ஏன்ணா?”

“திரும்பப் போட்டுடுவேன்.”

சிரிக்கத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இனி தானாக ஓடும் என்று மேனேஜரிடம் அவளே போய்ச் சொன்னாள். எப்படி என்று அவர் கேட்கவில்லை. லீவு கிடைத்தது.

ஞாயிறு ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. ரயில் ஏழு இருபதுக்கு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கால் கூடத்துக்குத்தான் போனது.

திரை முன்னால் உட்கார்ந்தேன். ஐந்து ஐம்பதுக்கு ஸ்கிரிப்ட் கிளம்பியது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. யாரையும் எதுவும் கேட்கவில்லை.

நாளை இந்நேரம் ஒரு அறையில் விழித்துக் கிடப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்னைச் சரியாகத் தெரியாத ஒரு குழந்தை தூங்கும். எழுந்து வந்தால் என்ன பேசுவது? ஃபைலைத் திறந்தேன். அந்த வரி விரலுக்கு மனப்பாடம். அடித்தேன். சேமிக்கப் போனேன்.

அனுமதி இல்லை என்றது.

பழைய அட்மின் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் இல்லை. மறுபடி ஒருமுறை. இல்லை.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காவலாளி நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“என்ன சேவல், இன்னைக்குக் கூவாமயே கிளம்பிட்டீங்க?”

ஸ்டேஷனுக்கு பஸ் எந்தப் பக்கம் என்று கேட்டேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் கை காட்டினார். பதினான்கு மாதத்தில் நான் அந்தப் பக்கம் போய் நின்றதில்லை.

மகளிடம் என்ன சொல்வது என்று நிறுத்தத்தில் யோசித்தேன். மெஷின் சாகவில்லை. அதற்கு உடம்புக்கு எதுவும் இருந்ததே இல்லை. அதைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பாள் என்று தெரியும்.

பஸ் வந்தது. ஏறினேன்.