முப்பத்தெட்டாவது கல்

பாலம் வருகிறவரை சிக்னல் கிடைக்காது என்று மார்லாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு கையால் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைப்பேசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடியே சைக்கிளை மிதித்தாள். இடப்பக்கம் மலை, வலப்பக்கம் ஆறு. நடுவில் ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொட்டி, சைக்கிள்காரர்களுக்கு விட்டிருந்தார்கள். ரோடு மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது. இங்கே கத்தினால் ஏன் என்று கேட்க நாதி கிடையாது.

அவள் விட்டுவிட்டு வந்த இடத்தில், பாதையோரப் புல்லில் அப்பா லெஸ்டர் படுத்திருந்தார். சித்தப்பா ரூடி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பா விழக்கூட இல்லை. சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று சொல்லித்தான் சாய்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் பேசினார், ஆளை அடையாளம் தெரிந்தது. அதுதான் மார்லாவை மிதிக்க வைத்தது.

பாலத்தின் நடுவில் சிக்னல் வந்தது. அவசர எண்ணை அழுத்தினாள்.

"எங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி. சைக்கிள் பாதையில படுத்திருக்கார். பேசறார், ஆனா வேர்த்துக் கொட்டுது."

"பாதையில எந்த எடம்மா? மைல் தெரியுமா?" என்றது ஒரு பெண் குரல்.

"முப்பத்தெட்டு."

கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டாள். தெரியாதா பின்னே. அப்பா தலைமாட்டிலேயே மைல்கல் நின்றுகொண்டிருந்தது.

"பரவாயில்லையே. முக்கால்வாசிப் பேருக்கு எங்க இருக்கோம்னே சொல்லத் தெரியாது. ஆளுங்க கிளம்பியாச்சு. நீங்க அவர்கிட்டயே போயிடுங்க."

திரும்பும்போது பாதை லேசான இறக்கம். மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. இந்த மனுஷனுக்குப் போய் நெஞ்சு வலியா என்று எரிச்சலாகக்கூட இருந்தது அவளுக்கு. காலையில் விடுதியில் தன் முட்டையைத் தின்றுவிட்டு, ரூடியின் தட்டிலிருந்த சாசேஜையும் எடுத்துத் தின்றவர்தான். நெஞ்சைக் கரிக்கிறது என்றார். "அடுத்தவன் சாசேஜைத் தின்னா கரிக்கத்தான் செய்யும்" என்றாள் மார்லா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகம் சிரித்தார். ஒவ்வொரு மே மாதமும் இப்படித்தான். மூன்று பேரும் மலையுச்சியிலிருந்து நகரம்வரை சைக்கிளில் இறங்குவார்கள். அம்மா கோனி மூட்டைமுடிச்சுகளை வேனில் ஏற்றிக்கொண்டு, மத்தியானம் ஏதாவது ஒரு பழைய ஸ்டேஷனில் சாப்பாட்டோடு காத்திருப்பாள்.

வளைவைத் தாண்டியதும் பார்த்தாள். ரூடி முட்டி போட்டு, இரண்டு கையாலும் அப்பாவின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"வராங்களா?" என்றார் நிமிராமல்.

"கிளம்பிட்டாங்க. தள்ளுங்க, நான் பண்றேன்."

மாற்றி மாற்றி அமுக்கினார்கள். அக்கரையில் ஒரு சரக்கு ரயில் வந்தது. அந்தக் கரையில் இன்னும் ரயில் ஓடுகிறது. அது போய் முடிகிறவரை ரூடி என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. பிறகு இருவர் மிதிக்கும் நீள சைக்கிளில் ஒரு வெளியூர்த் தம்பதி வந்தார்கள். கணவர் இறங்கிக் கை கொடுத்தார். மனைவி பாலத்துக்குப் போய் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று தனியாகவே அந்த நீளச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள். வண்டி வரவில்லை. மார்லா பாதையின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள், மேல்பக்கத்தைப் பார்த்தாள். இலைகள் மட்டும்தான் அசைந்தன.

ரூடி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "போதும்மா."

"வந்துடுவாங்க."

"போதும், மார்லா."

அவள் நிறுத்தவில்லை. அப்பாவின் சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடி ஒவ்வொரு அமுக்கலுக்கும் குதித்துக்கொண்டிருந்தது.

வண்டி வந்தது. பாதையில் ஓடுவதற்கென்று தீயணைப்புத் தொண்டர்கள் வைத்திருக்கும் சின்னச் சிவப்பு வண்டி, பின்னால் ஸ்ட்ரெச்சர். ஓட்டி வந்தவன் வேட். மார்லாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், டயர் கடைக்காரன். கூடவே கெய்லா என்ற பெண். இரண்டு பேரும் ஓடி வந்து, அப்பாவின் சட்டையைக் கத்தரித்து, மெஷினை ஒட்டிப் பார்த்தார்கள். திரும்பவும் பார்த்தார்கள். கெய்லா வேட் முகத்தைப் பார்த்தாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"ஏண்டா இவ்ளோ நேரம்?" என்றாள் மார்லா.

"நீ முப்பத்தெட்டுன்னுதானே சொன்ன?"

"ஆமா. இதோ நிக்குதே."

வேட் கல்லைப் பார்த்தான். மலையிலிருந்து கசியும் ஊற்றுக்குப் பக்கத்தில், பெரணிச் செடிகளுக்கு நடுவே பாசி படிந்து சாய்ந்திருந்தது. முப்பத்தெட்டு என்று ரயில்காரர்கள் செதுக்கியது. பிறகு அவன் கண் பாதைக்கு எதிர்ப்புறம் போனது. அங்கே பச்சைக் கம்பம், அதில் வெள்ளையாக ஐம்பத்தாறு. கெய்லாதான் சொன்னாள்.

"முப்பத்தெட்டு கீழ, அணைக்கட்டுப் பக்கத்துல. அங்கதான் தேடு தேடுன்னு தேடினோம். அப்புறம் யாரோ ஒரு பொம்பள கூப்பிட்டு அம்பத்தாறுன்னு சொன்ன பெறகுதான்…"

"கெய்லா, போய் போர்வைய எடுத்துட்டு வா," என்றான் வேட்.

ரயில் கம்பெனி மைலை எண்ணியது ஒரு முனையிலிருந்து. சைக்கிள் பாதை போட்டவர்கள் எண்ணியது மறுமுனையிலிருந்து. அவசர எண்ணில் கம்பத்துக் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற எவருக்கும் இது தெரியும், ஏனென்றால் அவர்கள் கண்ணுக்குக் கம்பம் மட்டும்தான் படும். மார்லாவின் தாத்தா தண்டவாளம் போட்டவர். அந்த வீட்டில் எல்லாமே கல் கணக்கு. அப்பா மீன் பிடித்தது இருபத்தொன்பதில். அம்மாவிடம் கல்யாணம் கேட்டது நாற்பத்தொன்றில். "பச்சைக் கம்பமா? அது டூரிஸ்ட்டுக்கு" என்பார் அப்பா. கம்பத்தைப் பார்த்துச் சொல்வது அந்த வீட்டில் கேவலம்.

மார்லா கல்லையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேட், நேரா இங்க வந்திருந்தா?"

வேட் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தான்.

"நேரா வந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது," என்றார் ரூடி. "அவ சைக்கிள்ல ஏறும்போதே எங்கண்ணன் போயிட்டான். நான்தானே மடியில வெச்சிருந்தேன். எனக்குத் தெரியாதா."

சொல்லிவிட்டு மார்லாவைப் பார்த்தார். அவள் சைக்கிளில் ஏறும்போது அப்பா அவள் கையுறையைப் பிடித்து இழுத்துத் தெளிவாகச் சொன்னார்: "கோனி நமக்காக சாப்பிடாம உக்காந்திருப்பா. சாப்பிடச் சொல்லு." ரூடிக்கும் அது கேட்டது.

அம்மா காத்திருக்கும் கார்வர் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு பாதையைக் குறுக்கே கடக்கும், ஆம்புலன்ஸ் அதுவரைதான் வர முடியும். வேட் அப்பாவை அங்கே நிற்கும் ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோனான். மார்லாவுக்கும் ரூடிக்கும் சைக்கிளைத் தவிர வேறு வழி இல்லை. ரூடி தன் சைக்கிளை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, அப்பாவுடையதை மறு கையால் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். ஆள் இல்லாத சைக்கிள் எவ்வளவு சமர்த்தாக ஓடுகிறது என்று மார்லா பார்த்துக்கொண்டே மிதித்தாள். அழுகை வரவில்லை. வராதது பயமாக இருந்தது.

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்," என்றார் ரூடி. "டக்குனு போயிட்டான், ஒண்ணும் தெரியலன்னு சொல்றேன். நீ வாயத் தொறக்காத."

"அப்பா சொன்னது?"

ரூடி அப்பாவின் சைக்கிளை நேராகப் பிடித்தார். "அதச் சொன்னா எப்ப சொன்னான்னு கேப்பா. அப்புறம் ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டே போவா. கடைசில உங்கிட்டதான் வந்து நிக்கும். காலம் பூரா நீ அவ மூஞ்சியப் பாக்கணும். வேண்டாம்மா."

"அது அம்மாவுக்குச் சொன்னது, சித்தப்பா."

"தெரியும்," என்றார். "தெரிஞ்சுதான் சொல்றேன்."

கார்வர் ஸ்டேஷன் வாசலில், மர மேசையின் ஒரு பக்கத்தில் கோனி உட்கார்ந்திருந்தாள். தூரத்திலேயே கையைத் தூக்கினாள். மூன்று சைக்கிள், இரண்டு ஆள். தூக்கிய கையைக் கீழே இறக்காமல் எழுந்து நின்றாள்.

ரூடிதான் சொன்னார். மெதுவாக, ஒரே மூச்சில், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது மாதிரி. கோனி உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்த சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணுமே தெரியல கோனி அவனுக்கு. கஷ்டப்படல."

"நாப்பது வருஷமா தூக்கத்துல கூடப் பேசின மனுஷன்," என்றாள் கோனி. "எனக்குன்னு ஒரு வார்த்த இல்லாமப் போயிட்டாரா."

அதை மார்லாவால் தாங்க முடியவில்லை.

"சொன்னாரும்மா."

"மார்லா," என்றார் ரூடி அடிக்குரலில்.

"உன்ன சாப்பிடச் சொன்னார். நமக்காக சாப்பிடாம உக்காந்திருப்பா, சாப்பிடச் சொல்லுன்னார். நான் போன் பண்ணக் கிளம்பும்போது. நல்லாத்தான் பேசினார். சித்தப்பா எனக்காக மாத்திச் சொல்றார். வண்டி வேற எடத்துக்குப் போயிடுச்சு. நான் சொன்னதைக் கேட்டுத்தான் போச்சு."

கோனி அவளையே பார்த்தாள். "எங்க விழுந்தார்?"

"முப்பத்தெட்டுல."

"ஊத்துக்கிட்டயா?"

"ஆமா."

"அவங்ககிட்ட என்னன்னு சொன்ன?"

"முப்பத்தெட்டுன்னு."

"சரியாத்தானே சொல்லியிருக்க," என்றாள் கோனி. "அது முப்பத்தெட்டுதானே."

ரூடி ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கோனி அவர் முதுகைப் பார்த்தாள், மார்லாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் தலை மெல்லத் திரும்பியது. ஸ்டேஷன் மூலையில், பூந்தொட்டிக்குப் பக்கத்தில், பச்சைக் கம்பம் ஒன்று நின்றது. வருஷா வருஷம் இதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதில் என்ன எண் போட்டிருக்கிறது என்று இப்போதுதான் படிக்கிறாள் போல உதடு அசைந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று மார்லா அசையாமல் நின்றாள்.

கோனி பெட்டியைத் திறந்தாள். மேலாக இருந்த பொட்டலத்தைப் பிரித்து, சீவிய பன்றியிறைச்சி வைத்த ரொட்டியை ஒரு கடி கடித்தாள். மென்றாள். இறங்கவில்லை. தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, இன்னொரு கடி கடித்தாள். பிறகு மார்லா பக்கம் பார்க்காமலே பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, அவளுக்கென்று வெங்காயம் போடாமல் தனியாகக் கட்டியிருந்த பொட்டலத்தை எடுத்து அவள் பக்கமாகத் தள்ளினாள்.