அவிழாத குரோமோசோம்

பஸ் டிரைவரும் அவர் மனைவியும் நான்கு நாட்களாகப் பேசிக்கொள்ளவில்லை. மைத்துனர் வீட்டு விருந்துக்குப் போகும்போது யாரிடமும் வழி கேட்கமாட்டேன் என்று டிரைவர் அடம்பிடித்ததில், எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து மகள்தான் இருவருக்கும் தபால்காரி.

அந்த நேரம் பார்த்து மகளின் பள்ளியில் பெற்றோர் தினம் வந்தது. செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதைப் பெற்றோரை வைத்தே நடித்துக்காட்டப்போவதாக உயிரியல் டீச்சர் சொல்லிவிட்டார். நான்கு தம்பதிகள், நான்கு குரோமோசோம்கள். பிரிவதற்கு முன்பே ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போல ஒரு நகல் எடுத்து, அதோடு ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதற்காக ஜோடிக்கு ஒரு நாடா, இடுப்பில் கட்டிக்கொள்ள.

“இவருக்கு நான் நகலா?” என்று மனைவி டீச்சரிடம் கேட்டார்.

இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது என்று டீச்சர் சமாதானம் சொன்னார். மனைவியின் முகம் இன்னும் கடுத்தது. டிரைவர் நாடாவை இறுக்கிக் கட்டி முடித்தார்.

மைதானத்தில் சுண்ணாம்பால் போட்ட பெரிய வட்டம்தான் செல். முதலில் எல்லாரும் நூல்கண்டு மாதிரி சுருண்டு உட்கார வேண்டும். மளிகைக்கடைக்காரருக்கு முட்டி மடங்காததால் நின்றபடியே சுருண்டார். சுற்றிலும் பிடித்திருந்த போர்வையைப் பிள்ளைகள் உருவினார்கள்; உட்கருவின் உறை கரைந்துவிட்டதாம். ஜோடிகள் நடுக்கோட்டில் வரிசையாக நின்றன. இரண்டு முனைகளிலும் இழுக்க நின்ற பிள்ளைகளிடமிருந்து கயிறுகள் வந்தன, ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

டீச்சர் கைதட்டினார். மூன்று நாடாக்கள் லேசாக அவிழ்ந்தன. மூன்று கணவர்கள் ஒரு பக்கமும் மூன்று மனைவிகள் மறுபக்கமும் ஒழுங்காகப் போனார்கள். நான்காவது நாடா அசையவில்லை. மனைவியை இழுத்தவர்கள் கைப்பந்து அணிப் பெண்கள். டிரைவரின் கயிறு கையை விட்டு நழுவ, அவரும் பின்னாலேயே தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தார்.

“என்ன முடிச்சுங்க இது?” என்றார் மனைவி. நான்கு நாளில் முதல் பேச்சு.

“பஸ் மேல மூட்டை கட்டுற முடிச்சு. எந்தப் பள்ளத்துல விழுந்தாலும் அவிழாது.”

“சரி, அவுத்துவிடுங்க.”

“எனக்குக் கட்டத்தான் தெரியும். அவுக்கிறது கண்டக்டர் வேலை.”

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து விக்கலெடுத்தது.

அதற்குள் பிள்ளைகள் சுண்ணாம்பு வட்டத்தை நடுவில் ஒடுக்கி வரைய, செல் இரண்டாகிவிட்டது. ஒன்றில் ஐந்து பேர், இன்னொன்றில் மூன்று பேர். நிஜ செல்லிலும் எப்போதாவது இப்படிக் கணக்கு பிசகுவதுண்டு என்று டீச்சர் அசராமல் விளக்கினார். கத்தரிக்கோல் தேட ஆள் போனது. இருவரும் பக்கவாட்டில் நடந்து டீ வாங்கப் போனார்கள். கத்தரிக்கோல் வந்தபோது இரண்டாவது டீ ஓடிக்கொண்டிருந்தது. குடித்து முடிக்கட்டும், காத்திருங்கள் என்று மனைவி சொல்லியனுப்பினார்.