பாலத்து இறக்கம்

குடவாசல் பக்கம் மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களை விட்டால் வேறொன்றும் கிடையாது. அந்தப் பாலங்களின் இறக்கத்தில் நியூட்ரல் போட்டே இருபது வருஷம் லாரி ஓட்டியவன் வீரையன். மச்சினன் அரவிந்தன் வாங்கிய புது ஆட்டோமேட்டிக் காரிலும் அந்தப் புத்தி போகவில்லை. பாலத்து உச்சி தாண்டியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான்.

“வேணாம் மாமா,” என்றான் பக்கத்தில் இருந்த அரவிந்தன். “கியர்லயே விட்டுட்டு ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க. பெட்ரோல் தானா நின்னுடும், எஞ்சினும் வண்டியைப் புடிச்சுக்கும். நியூட்ரல்ல எஞ்சின் சும்மா ஓடவே பெட்ரோல் குடிக்கும்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியாடா?”

அரவிந்தன் கியரைப் பிடிக்கக் கை நீட்டினான். வீரையன் புறங்கையால் அவன் வாயிலேயே ஓங்கி ஒன்று விட்டான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் கொட்டியது.

வீரையன் மறுபடி ரோட்டைப் பார்த்தபோது, இறக்கத்தின் அடியில் பாதி ரோட்டுக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் அலறிக்கொண்டு வயலுக்குள் குதித்தாள். வீரையன் பிரேக்கில் ஏறி நின்றான். டயர் நெல்லில் வழுக்கி, கார் சுழன்று, இடப்பக்கத்தோடு புளியமரத்தில் போய் மோதியது. கதவு உள்ளே மடங்கி அரவிந்தனின் கையை நசுக்கியது. எலும்பு முறிந்த சத்தம் வீரையனுக்கே கேட்டது.

பிறகு கேட்டது எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

அரவிந்தன் ரத்தத்தைத் துப்பினான்.

“கேக்குதா மாமா? வண்டி நின்னுடுச்சு. எஞ்சின் இன்னும் குடிச்சிக்கிட்டுதான் இருக்கு.”