கை படாத தகடு

நாராயணவனத்துக்கு மேலே குன்றில் ரேடியோ தொலைநோக்கியின் டிஷ்ஷுக்குப் புதுத் தகடுகள் மாட்டிக்கொண்டிருந்தோம். மில்லிமீட்டர் அலைகளைப் பிடிக்கும் தகடு. கை ஊன்றினால் வளைவு கெட்டு, அலைகள் ஒரே புள்ளியில் குவியாது. பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி உரசுமென்று அதையும் கழற்றச் சொல்லியிருந்தார் இன்ஜினியர் நாகபூஷணம். "தகட்டுல கை வெச்சா வேலை காலி" என்று தினமும் கத்துவார்.

நேற்று எங்களோடு தகடு மாட்டிக்கொண்டிருந்த தங்கவேலுவுக்குக் கால் வழுக்கியது. தகட்டின் விளிம்பு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நீட்டிய கையை அவன் மடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அறுபதடி கீழே விழுந்து அங்கேயே செத்தான்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாகபூஷணம் தகட்டை அளந்து முடித்துவிட்டார்.

"பாவம், நல்லவன். ஒரு கீறல்கூட வுழாம பாத்துக்கினான்" என்று என்னிடம் சொன்னார். "பெல்ட்டக் கழட்டிட்டு நீ ஏறு."