சுந்தர்ராஜ் ஊதிய விசில்

1.

அன்று லோயர் கேம்ப் மைதானத்தில் இருந்தவர்கள்: என் தம்பி சுந்தர்ராஜ், அவன் பழக்கிய பதினைந்து பேர், அவர்களில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் செல்லப்பாண்டியும் அழகரும், மலைத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்கிய பதினைந்து பேர், பவர்ஹவுஸ் குவார்ட்டர்ஸ்காரர்கள் கொஞ்சம், அழகரின் சித்தப்பா அம்மாவாசி, அவருடைய கோம்பை நாய், பிறகு நான், பொன்னுராஜ், கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம். வேறு ஒருவரும் இல்லை.

போன மாதம் பெரியகுளத்துக் கல்யாணப் பந்தியில் என் எதிரே உட்கார்ந்து, "நான் அங்கனதான் நின்னேன். சுந்தர்ராஜ் ஒரு பாட்டில் பிராந்திக்கு ஆட்டத்தை வித்துட்டாக" என்று சொன்னவர் அங்கே இல்லை. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் இந்தக் கதை பிறந்தது. நான் மோர் வாங்காமல் எழுந்துவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: "1963இல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உதவி மேனேஜராகச் சேர்ந்த சுந்தர்ராஜ், ரக்பி என்னும்

நிறுத்திவிட்டேன். ரக்பி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் சொல்லி அலுத்துவிட்டது. முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, எதிராளியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்ற வேண்டும். கூட்டாளிக்குக் கையால் போடலாம், ஆனால் பின்பக்கமாக மட்டும். முன்பக்கம் போட்டால் விசில். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கபடி மாதிரியா என்று கேட்க வேண்டாம்.

இரண்டாம் தொடக்கம்: "மதுவைத் தொட்டே அறியாத சுந்தர்ராஜ்

என் மனைவி கிருபாவதி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுச் சிரித்தாள். "ஏங்க, போன கிறிஸ்மஸுக்கு உங்க தம்பி கொடுக்காப்புளி மரத்தடியில ஜெபமா பண்ணிட்டிருந்தாக?"

அந்த வரியை அடித்துவிட்டேன். [அடித்த வரிகள் அச்சிலும் அப்படியே இருக்க வேண்டும். மறைத்தோம் என்று எவனும் பேசக் கூடாது.]

3.

ஒன்பது வருஷம் மலை அணிக்காக ஆடினான். மெட்ராஸ் போனான், கல்கத்தா போனான். முழங்கால் போனதும் கீழே இறங்கி வந்து, என் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்களைப் பிடித்துக் கோச் ஆனான். ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற வீட்டுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அரைக்கால் சட்டையோடு லோடுமேன்கள் நடுவில் புழுதியில் புரண்டான். எடுத்துச் சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை.

"அண்ணாச்சி, நாங்க முன்னால ஓடணும், பந்து மட்டும் பின்னால போகணும். யாரு கண்டுபிடிச்சது இத?" என்று தம்பியிடம் கேட்டான் செல்லப்பாண்டி.

"வெள்ளைக்காரன்."

"அதான் திரும்பிப் போயிட்டாக போல."

[செல்லப்பாண்டி மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு வாயுள்ளவனைக் கதையில் வைத்தால் தம்பி சின்னவனாகத் தெரிவான். ஆனால் கடைசியில் பந்தோடு ஓடியவன் அவன்தான். எடுக்க வழியில்லை.]

4.

1977இல் மலை கிளப்பிலிருந்து சொல்லியனுப்பினார்கள்: ஓர் ஆட்டம் ஆடுவோம், நீங்கள் ஜெயித்தால் உங்கள் அணியை மெட்ராஸ் போட்டிக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறோம். ஐந்து வருஷமாகத் தம்பி காத்திருந்தது இதற்குத்தான். தோற்றால், கூலியை விட்டுவிட்டு இனி எவனும் மைதானத்துக்கு வரமாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

நடுவராக வரவேண்டியவரின் கார் குமுளி மலைப்பாதையில் நின்றுவிட்டது. ஆட்டத்தில் இறங்காதவர்களில் விதி தெரிந்தவன் வேறு யாரும் இல்லாததால், நீயே ஊது என்று மலை அணியின் கேப்டன் விசிலைத் தம்பியிடம் கொடுத்தார்.

"நம்மாளு கையில விசில். இனி என்னத்துக்கு ஓடுறீக, உக்காருங்கப்பா" என்று அம்மாவாசி துண்டை விரித்தார்.

கடைசி நிமிஷம். ஒரு முறை ஊன்றிவிட்டால் நமக்கு ஜெயம். கோட்டுக்கு அருகில் அழகர் கையில் பந்து. இடுப்பில் இரண்டு பேர் தொங்கினார்கள். பின்னால் ஆள் இல்லை. முன்னால் செல்லப்பாண்டி. லாரிமேல் நிற்கிறவனுக்கு மூட்டையை எறிந்தே பழகிய கை அழகருடையது. அந்தக் கை எறிந்தது. செல்லப்பாண்டி பிடித்தான், ஓடினான், ஊன்றினான். கோம்பை நாயும் கூடவே ஓடியது. அம்மாவாசி எழுந்து நின்று துண்டைச் சுழற்றினார்.

விசில் கேட்டது. தம்பியின் கை மலைக்காரர்கள் பக்கம் நீண்டிருந்தது: ஊன்றியது செல்லாது, பந்து அவர்களுக்கு.

கேப்டன் மலையாளி, தங்கமான மனிதர். "போட்டே சுந்தர், ஞங்ஙள் கண்டில்ல" என்றார். நாங்கள் பார்க்கவில்லை, போகட்டும் என்று அவரே விட்டுக்கொடுத்தார்.

"நான் பாத்தேன்" என்றான் தம்பி.

எல்லோரும் லாரியில் திரும்பினோம். கம்பம் நெருங்கும்போது செல்லப்பாண்டிதான் கேட்டான்: "அண்ணாச்சி, அது தப்புன்னு கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியாது. அவுகளே வேணாம்னாக. ஏன் ஊதுனீக?"

"உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தானலே."

5.

"நீங்கதான எழுதுறீக" என்கிறாள் கிருபாவதி. "பந்தைப் பின்னால போட்டுருங்க. கதையிலயாவது அவுக மெட்ராஸ் போயிட்டு வரட்டும்."

எழுதிப் பார்த்தேன். செல்லப்பாண்டியை இரண்டடி பின்னால் நிறுத்தினால் போதும். ஆட்டம் ஜெயம், ரயில், மாலை, தம்பியைச் சுற்றிப் பதினைந்து பேர். கையெழுத்துகூட நன்றாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது: விசில் ஊதியது ஊருக்கே தெரியும். பந்து பின்னால் போயிருந்தால், அதை ஊதியவன் யார்? பந்தியில் அந்த மனிதர் சொன்ன ஆள்தான். ஜெயிக்க வைத்தால் என் தம்பி விலைபோனவன் ஆகிவிடுவான். எங்கள் வீட்டு மானம் அந்தத் தோல்வியில் இருக்கிறது. கிழித்துப் போட்டேன்.

வாசகருக்கு முடிவு வேண்டுமென்றால் ஒன்று தருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து என்று போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அழகர் மட்டும் வந்தான் என்று போட்டால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். பந்தை மட்டும் தொடாதீர்கள்.

பாட்டில் விஷயம்: மலையிலிருந்து வந்த ஜீப்பில் பிராந்தி எதுவும் வரவில்லை. பந்து முன்னால் போனது.