மாமனார் பெற்றெடுத்த கல்

மாமனாருக்குச் சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் விடிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "வந்துச்சா?"

மாமியார் சமையலறையிலிருந்து கேட்பார். மகன் வாயில் பற்பசை நுரையோடு கேட்பான். கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் மாடிப்படியில் நாலு படி ஏறி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்பார். மாமனார் கையில் வடிகட்டியோடு குளியலறையிலிருந்து வெளிப்பட்டு, பரீட்சையில் கோட்டை விட்டவர் போலத் தலையை ஆட்டுவார்.

மருமகள் மட்டும் கேட்கமாட்டாள். மாமனாரிடம் போய் அதைக் கேட்பதா என்று அவளுக்குக் கூச்சம். ஆனால் அந்தக் கல்லுக்காக வீட்டில் அதிகம் காத்திருந்தவள் அவள்தான். ஒரு வேதியியல் ஆய்வகத்தில் எக்ஸ்ரே பிரிவு அவள் பொறுப்பு. எலும்பைப் படம் பிடிக்கிற எக்ஸ்ரே இல்லை. எந்தப் பொடியைக் கொடுத்தாலும் அது இன்ன பொருள் என்று சொல்லிவிடுகிற எக்ஸ்ரே.

"சின்னக் கல்லுதான், நாலு மில்லிமீட்டர். தானா வந்துடும்" என்றிருந்தார் டாக்டர். "வந்ததும் பத்திரமா எடுத்து வைங்க. என்ன கல்லுன்னு தெரிஞ்சாத்தான் எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாதுன்னு சொல்ல முடியும்."

மாமனார் முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தராசு'. எடைக்கல்லை உள்ளங்கையில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கி, "அஞ்சு கிராம் குறையுது" என்பார். போட்டுப் பார்த்தால் அஞ்சு கிராம் குறையும். அவர் தெருமுனையில் திரும்பினாலே பாதிக் கடைகளில் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்களாம். அப்பேர்ப்பட்ட மனிதர், வடிகட்டியும் கையுமாக ஊருக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினேழாம் நாள் காலை, "வந்துடுச்சு" என்று சன்னமான குரலில் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

வடிகட்டியில் பட்டாணி அளவுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு கல் உட்கார்ந்திருந்தது.

மாமியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. தோடு வாங்கிய டப்பாவில் பஞ்சு வைத்து அதில் கல்லைக் கிடத்தினார். தபால்காரர் பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்து, "இதை எப்படிங்க தாங்கினீங்க?" என்று உருகினார். மாமியார் தன் தங்கைக்குப் போட்டோ அனுப்பினார். "டாக்டர் என்னமோ நாலு மில்லிமீட்டர்னாரு, அவருக்கென்ன தெரியும்? எங்க வீட்டுக்காரர் எதையும் அரைகுறையாச் செய்யமாட்டார்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

"எங்க லேப்லயே பார்த்துடலாம் அத்தை" என்றாள் மருமகள்.

"அதெல்லாம் வேண்டாம்மா" என்றார் மாமனார், அவசரமாக. "ஆபீஸ் மெஷினைச் சொந்த வேலைக்கு உபயோகிக்கிறது தப்பு."

"எங்க மேடம்கிட்ட கேட்டுட்டேன் மாமா. அவங்களுக்கே பார்க்கணும்னு ஆசை."

"உடைக்கணுமோ?"

"பொடியாக்கணும்."

"பொடியாவா?" மாமனாரின் முகம் செத்துப்போயிற்று. பாவம், கல் மேல் அத்தனை பாசம் வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். டப்பாவை மாமியாரே அவள் பையில் போட்டு அனுப்பினார்.

ஆய்வகத்தில் கல்லில் பாதியை உடைத்து, சின்ன உரலில் மைய அரைத்து, பொடியைத் தட்டில் பரப்பி, குளிர்சாதனப் பெட்டி அளவுள்ள இயந்திரத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே எக்ஸ்ரே கதிர் பொடியின் மேல் விழுந்து, படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்துக்கேற்பச் சில கோணங்களில் மட்டும் பலமாகத் தெறிக்கும். எந்தெந்தக் கோணத்தில் எவ்வளவு என்று திரையில் கோபுரம் கோபுரமாக எழும். ஒரு பொருளின் கோபுர வரிசை இன்னொன்றுக்கு வராது, கைரேகை மாதிரி.

முதல் பெரிய கோபுரம் இருபத்தாறரை டிகிரியைத் தாண்டியதும் எழுந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டர் பெயரைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. வாரத்துக்கு நாலு முறை பார்க்கிற முகம் அது. குவார்ட்ஸ். சுத்தமான தமிழில் சொன்னால், மணல்.

உரல் மேல் சந்தேகம் வந்தது. அந்த உரலே குவார்ட்ஸ் இனத்துக் கல்லில் கடைந்ததுதான், தேய்ந்து கலந்திருக்கலாம். மீதிப் பாதியை எஃகு உரலில் இடித்து, மறுபடி வைத்தாள். அதே கோபுரங்கள், அதே இடத்தில், இம்மி பிசகாமல்.

மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கடிகாரத்துல போடுற சரக்கும்மா இது. உன் மாமனார் மணி ஏதும் அடிக்கிறாரா?" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மனுஷ உடம்புல குவார்ட்ஸ் எங்கேயிருந்து வரும்? இது ரோட்டுல கிடக்கிற கல்லு."

சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஆமா, அப்போ நிஜக் கல்லு எங்கே?"

அதன் பிறகு அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது மாமனார் பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பூந்தொட்டிகளில் மண்ணுக்கு மேலே அழகுக்காகப் போட்டிருந்த வெள்ளைக் கற்கள் அவள் கண்ணில் பட்டன. பட்டாணி பட்டாணியாக இருந்தன.

"மாமா, கல்லு குவார்ட்ஸ்."

"அப்படின்னா?"

"மணல்."

மாமனார் ஊற்றிக்கொண்டே இருந்தார். தொட்டி நிரம்பி வழிந்து அவர் காலை நனைத்தது. அப்போதும் ஊற்றினார்.

"பதினேழு நாள்மா" என்றார் கடைசியில். "காலையில கண்ணைத் திறக்கவே பயமா இருந்துச்சு. தபால்காரர் அவரோட மச்சானை வேற கூட்டிட்டு வந்து விசாரிக்கிறாரு. வலியும் நின்னுபோச்சு. சரி, எப்பவோ கண்ணுல படாம போயிருக்கும், எதையாவது காட்டி முடிச்சுடலாம்னு..."

"மாமா, நீங்களா? முப்பத்தொரு வருஷம் போலி எடைக்கல்லைப் பிடிச்சவரு!"

"அதான் சோறு இறங்கலை."

"வலி நின்னா கல்லு போயிடுச்சுன்னு அர்த்தமில்லை. சத்தம் போடாம உள்ளேயே உட்கார்ந்து கிட்னியைக் கெடுத்துடும். நாளைக்கே ஸ்கேனுக்குப் போறோம்."

"உங்க அத்தைக்குத் தெரிஞ்சா..."

"நான் சொல்லலை. ரிசல்ட்ல ஒரு சந்தேகம், டாக்டர் இன்னொரு தடவை பார்க்கணுங்கறார்னு சொல்லிக்கிறேன்."

"அது பொய்தானேம்மா?"

"அஞ்சு கிராம் குறையும் மாமா. கண்டுக்காதீங்க."

மறுநாள் ஸ்கேனில் கல் அப்படியே இருந்தது. இறங்கும் வழியில், மூத்திரப்பைக்குச் சற்று மேலே சிக்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மாமனார் ஆஸ்பத்திரியிலேயே ஒரு பாட்டிலைக் காலி செய்தார். திரும்பும் வழியில் அவளுக்கு ஆய்வகத்தில் ஒரு வேலை இருந்தது. "என்னைக் காட்டிக்கொடுத்த மெஷினை நானும் பார்க்கிறேனே" என்று அவரும் கூடவே ஏறிவந்தார்.

அவள் இயந்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். இடையிடையே மேடம் கொடுத்த தண்ணீரை அவர் குடித்தபடி இருந்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அம்மாடி" என்றார். முகமெல்லாம் வியர்வை. அவளுக்குப் புரிந்துவிட்டது. வடிதாளைப் புனலில் மடித்துப் போட்டு, அவர் கையில் திணித்து, தாழ்வாரத்துக் கடைசிக் கதவைக் காட்டினாள்.

அவளும் மேடமும் வெளியே காத்து நின்றார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு முனகல். பிறகு, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல்:

"வந்துடுச்சு!"

பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர், ஏதோ ஆராய்ச்சி வெற்றி போலிருக்கிறது என்று கைதட்டினார்கள்.

மிளகைவிடக் கொஞ்சம் சிறிசு. பழுப்பு நிறம், முள்முள்ளாக மேல்பக்கம். கழுவி, உலர்த்தி, கொஞ்சம் கிள்ளிப் பொடித்து உள்ளே வைத்தாள். திரையில் புதுக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழ, மாமனார் மூக்கு முட்ட உட்கார்ந்து பார்த்தார். கால்சியம் ஆக்சலேட் என்று பெயர் வந்தது, சிறுநீரகக் கல்லில் வழக்கமாக இருக்கிற பொருள்.

"இது அசல்" என்றார், உடம்பெல்லாம் பூரித்து.

வீட்டில் மீதியை ஒரு வெள்ளைத்தாளில் வைத்து மாமியாரிடம் நீட்டினார். மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"என்னதுங்க இது?"

"கல்லு. இன்னைக்கு வந்தது."

"இதுவா? ரொட்டித்துணுக்கு மாதிரி இருக்கு. முதல் கல்லு எப்படி இருந்துச்சு! மூக்கும் முழியுமா!"

"இல்லை அத்தை, மெஷின்லயே..." என்று மருமகள் ரிசல்ட் தாளை விரித்தாள்.

"நீ சும்மா இரும்மா. இவரு வெள்ளந்தி, யாரோ எதையோ காட்டி ஏமாத்தியிருக்காங்க. இது போலி."

அந்தச் சொல்தான் வினையாகிவிட்டது. மாமனாரின் காது சிவந்தது. முப்பத்தொரு வருஷமும் ஒன்றாக எழுந்து நின்றது.

"எது போலி? இதுதான் அசல்! அதுதான் போலி! அது பூந்தொட்டியில பொறுக்கினது!"

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தத் தொட்டி?"

"ரெண்டாவது."

"நான் என் தங்கச்சிக்குப் போட்டோ அனுப்பினேனே! ஃப்ரேம் போட்டு வைக்கலாம்னு சொன்னாளே!" என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மருமகள் பதறிக் கிட்டப் போனாள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்து ஓய்ந்ததும், "ஏங்க அப்படிப் பண்ணீங்க?" என்றார்.

"தினமும் கேட்டியே."

மாமியார் கழற்றிய கண்ணாடியை முந்தானையில் துடைத்தார். "கேட்காம இருந்தா அக்கறையில்லைன்னு நினைப்பீங்களோன்னுதான் கேட்டேன்" என்றார் பிறகு.

அன்றைக்கே மாமனார் கீழே இறங்கிப் போய்த் தபால்காரரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "இனிமே மாத்த முடியாதுங்க. தெரு முழுக்கப் பட்டாணின்னு சொல்லிட்டேன். இப்போ போய் மிளகுன்னா என்னையில்ல பொய்யன்னுவாங்க?"

மாமனார் திரும்பி மேலே ஏறி வந்தார். "அவரு ஒத்துக்கமாட்டேங்கிறாரு" என்றார், குறையாக.

"விடுங்க" என்று மாமியார் தண்ணீர் டம்ளரை நீட்டினார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார், ஒன்றும் கேட்கவில்லை.